கலக நாளில் நடுவே நின்ற தலைவர்: மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக் அவர்களின் வரலாறு

காலையில் கடை திறந்து முதல் வியாபாரம் செய்யும்போது நம் கைக்கு வரும் இரண்டு வெள்ளி நோட்டிலும், இரவில் கணக்கு முடிக்கும்போது அடுக்கி வைக்கும் ஐம்பது வெள்ளி நோட்டிலும் ஒரே மனிதரின் முகந்தான் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு முதல் அந்த முகமே நம் நோட்டுகளில் அச்சாகி வருகிறது. அது யாருடைய முகம் என்று கேட்டால், சிங்கப்பூரின் முதல் ஜனாதிபதி என்று நம்மில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அவர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார், எந்தச் சோதனையைத் தாண்டினார் என்று கேட்டால் பெரியவர்களே விழிக்க வேண்டியிருக்கிறது.

பொங்கோல் வட்டாரத்துச் சகோதரர்களுக்கு இதை அறிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அன்னாரின் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளி 2021-ஆம் ஆண்டு முதல் நம் பொங்கோலில் சுமாங் வாக் என்னும் தெருவில் நடந்து வருகிறது. பொங்கோல் முனையில் முன்னாளில் இருந்த வாக் சுமாங் என்னும் மலாய்க் கம்பத்தின் பெயரையே அந்தத் தெரு தாங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் இந்தப் பெயருக்குரியவரின் சரித்திரத்தை, சங்கத்துச் சகோதரர்கள் அறியும் பொருட்டு இங்கே எழுதலானேன்.

பிறப்பும் கல்வியும்

யூசுப் பின் இஸ்ஹாக் அவர்கள் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி பேராக் மாநிலத்தில் துரோங் என்னும் ஊரை அடுத்த பாடாங் காஜா கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் இஸ்ஹாக் பின் அஹ்மத் அவர்கள் சுமத்ராவின் மினாங்கபாவ் வம்சத்தைச் சேர்ந்தவர். சர்க்காரின் மீன்வளத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் யூசுப் அவர்களே மூத்தவர்.

முதலில் கிராமத்து மலாய்ப் பள்ளியிலும், பிறகு தைப்பிங்கில் ஆங்கிலப் பள்ளியிலும் ஓதினார். தகப்பனாருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றலானபோது 1923-இல் குடும்பம் இங்கே வந்தது. விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியிலும், அதன்பின் ராபிள்ஸ் கல்விக்கூடத்திலும் படித்து 1927-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் சிறப்பாகத் தேறினார். படிப்போடு தேகப் பயிற்சியிலும் கெட்டிக்காரர். ஹாக்கி, கிரிக்கெட், நீச்சல் எல்லாவற்றிலும் ஈடுபட்டார். 1930-களின் தொடக்கத்தில் பளு தூக்குவதிலும் குத்துச் சண்டையிலும் வெற்றி வாகை சூடினார். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து விளையாட்டுக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்திப் பார்த்தார். அச்சு மையின் வாசம் அப்போதே அவரைப் பிடித்துக்கொண்டது.

ஏழைகளின் காசில் எழுந்த பத்திரிகை

அந்நாளில் சிங்கப்பூரில் வெளிவந்த மலாய்ப் பத்திரிகைகளில் முக்கியமானது வார்த்தா மலாயா. அதன் உடைமை அரபு வம்சத்தாராகிய அல்சகோஃப் குடும்பத்தாரிடம் இருந்தது. யூசுப் அவர்கள் அங்கே வேலைக்கு அமர்ந்து தொழிலைக் கற்றார். மலாய்க்காரருக்கென்று அவர்களே சொந்தமாக நடத்தும் பத்திரிகை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது அம்மக்களிடையே வலுத்து வந்தது. அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே உத்துசான் மலாயு. 1939-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி குயீன் தெருவிலிருந்து அதன் முதல் இதழ் வெளிவந்தது. மலாய்ப் பத்திரிகை உலகின் முன்னோடியான அப்துல் ரஹீம் காஜாய் அவர்கள் ஆசிரியராக அமர, நிர்வாகப் பொறுப்பை யூசுப் அவர்கள் சுமந்தார்.

மூலதனம் சேர்ந்த விதத்தைக் கேட்டால் நம்மவர் வியப்பார்கள். பெரிய தனவந்தர் ஒருவர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டவில்லை. கார் ஓட்டுபவர், தெருவோர வியாபாரி, கம்பத்துக் குடியானவர் என்று சாதாரண ஜனங்களிடம் சிறு சிறு பங்காகச் சேர்த்தார்கள். ஜாவி எழுத்தில் அந்தப் பத்திரிகை அச்சாயிற்று. நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியதுபோல், அரபு எழுத்துக்கு மேலும் கீழும் சில புள்ளிகளைக் கூட்டி மலாய் எழுதுவதே ஜாவி.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்துசானின் பங்குகளை மலாய்க்காரர் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. அரபு வம்சத்து முஸ்லிமுக்கோ இந்திய வம்சத்து முஸ்லிமுக்கோ அதில் இடமில்லை. மார்க்கத்தால் நாம் அவர்களுக்குச் சகோதரர். ஆனால் வம்சத்தாலும் வியாபாரத்தாலும் அந்நியர் என்ற எண்ணம் அக்காலத்து மலாய்ப் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. நம்மவர் மனம் நொந்திருக்கலாம். எனினும் அந்த மக்களின் பக்கத்தில் நின்று பார்த்தால், தங்கள் ஊரிலேயே கடையும் அச்சுக்கூடமும் பிறர் கையில் இருக்கக் கண்டவர்களின் மனக்குறை அது. இப்படித் தம் இனத்தாருக்காக மட்டும் வேலி கட்டிப் பொதுவாழ்வைத் தொடங்கியவரே பிற்காலத்தில் எல்லா இனத்தாருக்கும் பொதுவான தலைவராக வந்து நின்றார். அவர் சரித்திரத்தின் கனம் இதில்தான் இருக்கிறது.

தைப்பிங்கில் ஒரு மளிகைக் கடை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. உத்துசானின் அச்சு இயந்திரங்கள் அவர்களுடைய பத்திரிகைக்குப் போய்விட்டன. யூசுப் அவர்கள் தைப்பிங்குக்குத் திரும்பி, யுத்தம் முடியும்வரை சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்திப் பிழைத்தார். பத்திரிகை நடத்தியவர் அரிசியும் சர்க்கரையும் நிறுத்து விற்பதைக் கேவலமாக எண்ணவில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜனங்கள் காலந்தள்ளிய நாட்கள் அவை. அந்நாளில் கடையின் மறுபக்கத்தில் நின்று ஏழை எளியவரின் முகத்தைப் பார்த்த அனுபவம் வீண்போயிருக்காது என்று, நம் தொழில் செய்பவர்கள் எளிதில் உணர்ந்து கொள்வார்கள்.

1945-இல் யுத்தம் முடிந்ததும் உத்துசான் மீண்டும் வெளிவந்தது. 1946-இல் ஆங்கில சர்க்கார் மலாயன் யூனியன் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து மலாய்க்காரர் ஒரே குரலாக எழுந்தார்கள். அந்தக் குரலை ஊர் ஊராக எடுத்துச் சென்ற பத்திரிகைகளில் உத்துசானும் முக்கியமானது. உரிமையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, கல்வியிலும் உழைப்பிலும் முன்னேறினால்தான் சமூகம் தலைநிமிரும் என்பது யூசுப் அவர்களின் அபிப்பிராயம். 1949-இல் பினாங்கைச் சேர்ந்த நூர் ஆயிஷா அம்மையாரை நிக்காஹ் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

நத்ரா வழக்கும் முதல் எச்சரிக்கையும்

1950 டிசம்பரில் நடந்த கலகத்தை நம் வாப்பாமார் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருப்பார்கள். மரியா ஹெர்டோக் என்னும் டச்சுப் பெண், யுத்த காலத்தில் சே அமீனா என்ற முஸ்லிம் மாதிடம் சேர்ந்து நத்ரா என்ற பெயரில் முஸ்லிமாக வளர்ந்தாள். பெற்றோர் அவளைத் திரும்பக் கேட்டார்கள். சிங்கப்பூர் நீதிமன்றம் அவளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்ததோடு, அவளுடைய நிக்காஹும் செல்லாது என்றது. முஸ்லிம்களின் நெஞ்சு கொதித்தது. அவளைக் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தில் தங்கவைத்தது எரிகிற தீயில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று.

அப்போது பத்திரிகைகள் என்ன செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மடத்தில் அவள் இருந்த படங்களை ஆங்கிலப் பத்திரிகை வெளியிட்டது. டிசம்பர் 9-ஆம் தேதி உத்துசான் மலாயுவும் அவள் அழும் படங்களைப் போட்டு, அவள் அங்கே படும் தனிமைத் துயரை நீளமாக எழுதியது. நம் தமிழ் முஸ்லிம் சமுதாயத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஜனாப் கரீம் கனி அவர்கள் நத்ராவுக்கான நடவடிக்கைக் குழுவின் தலைவராக நின்று தம் பத்திரிகைகளில் கடுமையாக எழுதினார். டிசம்பர் 11-ஆம் தேதி நீதிமன்றத்தின் முன் கூடிய கூட்டம் கலகமாக மாறியது. மூன்று நாளில் 18 பேர் மாண்டார்கள். 173 பேர் காயமுற்றார்கள். கரீம் கனி அவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்.

முஸ்லிம்களின் மனவேதனை உண்மையானது. அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் தெருவில் இறந்தவர்களில் அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் உண்டு. ஐரோப்பியர் போன்ற தோற்றம் இருந்த ஒரே காரணத்தால் பலர் தாக்கப்பட்டார்கள். நியாயமான வேதனையும் கூட்டத்தின் கையில் போய்ச் சேர்ந்தால் அநியாயமாக முடியும் என்பதைச் சிங்கப்பூர் அன்று கண்டது. யூசுப் அவர்கள் நடத்திய பத்திரிகையும் அந்த நாட்களின் சூட்டில் பங்கு கொண்டது என்பதைச் சரித்திரம் எழுதுபவர் விட்டுவிடலாகாது.

பத்திரிகையை விட்டு நீங்கியது

1957-இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. அடுத்த ஆண்டு உத்துசான் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆளுங்கட்சியாகிய அம்னோ பத்திரிகையைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றது. பத்திரிகை எந்தக் கட்சிக்கும் கைப்பாவையாகக் கூடாது என்பது யூசுப் அவர்களின் கொள்கை. இருபது வருஷம் இரவு பகலாக உழைத்து வளர்த்ததை 1959-இல் உதறிவிட்டு, பங்குகளையும் விற்றுவிட்டு, சிங்கப்பூருக்குத் திரும்பினார். தான் கட்டிய கடையைத் தானே விட்டுப் போவது எத்தகைய வேதனை என்பதை வியாபாரிகளாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷமே சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. ஜூலையில் பொதுச் சேவை ஆணைக்குழுவின் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். 1959 டிசம்பர் 3-ஆம் தேதி, கடைசி ஆங்கிலத் தலைவரான சர் வில்லியம் கூட் அவர்களுக்குப் பின், யாங் டி பெர்துவான் நெகாரா என்னும் நாட்டுத் தலைவர் பதவியை ஏற்றார். நம் கொடியும் நாட்டுப் பண்ணும் அன்றுதான் அரங்கேறின. மக்களில் முக்கால் பங்கு சீனராக உள்ள தீவுக்கு ஒரு மலாய் முஸ்லிம் தலைவரானார்.

முன்பு ஆங்கில கவர்னர்கள் வாழ்ந்த பெரிய மாளிகையில் அவர் குடியிருக்கவில்லை. இஸ்தானா வளாகத்துக்குள்ளேயே ஸ்ரீ மெலாத்தி என்னும் ஒரு வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆர்க்கிட் செடிகள் வளர்த்தார். 1960 ஜனவரி முதல் தேதி இஸ்தானா தோட்டத்தின் கதவுகள் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதுவரை வெளியே நின்று பார்த்த ஏழை எளியவர் அன்று உள்ளே நடந்து போனார்கள்.

1964: மீலாது நாளில் மூண்ட தீ

1963 செப்டம்பர் 16-ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்தது. சில நாட்களுக்குள் நடந்த தேர்தலில் மலாய்க்காரர் அதிகமாக வாழும் மூன்று தொகுதிகளிலும் அம்னோ தோற்று, மக்கள் செயல் கட்சி வென்றது. 1964 ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி கடல் தாண்டி மலாயாவிலும் தேர்தலுக்கு நின்றது. இரண்டு கட்சிகளுக்கும் பகை முற்றியது. கிராபர்ட் வட்டாரத்தில் புது வீடுகள் கட்டுவதற்காகக் குடிகளை எழுப்ப சர்க்கார் முற்பட்டபோது, மலாய்க்காரர் விரட்டப்படுகிறார்கள் என்று பிரசாரம் நடந்தது. அந்தப் பிரசாரத்தைச் சூடேற்றி வெளியிட்ட பத்திரிகை எது தெரியுமா? யூசுப் அவர்கள் பங்கு பங்காகக் காசு சேர்த்துத் தொடங்கிய அதே உத்துசான் மலாயுதான். அப்போது அது அவர் கையில் இல்லை. கட்சியின் கையில் இருந்தது.

மலாய்க்காரரின் குறைகள் யாவும் கற்பனை என்று சொல்வதற்கில்லை. வறுமை உண்மை, கல்வியில் பின்தங்கியிருந்ததும் உண்மை. ஆனால் குறையைத் தீர்க்க முயல்வது ஒன்று, குறையைக் காட்டிக் கோபத்தை வளர்ப்பது வேறொன்று.

1964 ஜூலை 21-ஆம் தேதி பெருமானார் (ஸல்) அவர்களின் பிறந்த தின ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் புறப்பட்டது. ஏறக்குறைய 20,000 பேர் கூடியிருந்தார்கள். காலாங்கின் எரிவாயு ஆலைக்கு அருகே மாலையில் கைகலப்பு மூண்டது. இரவுக்குள் கேலாங்கிலும் பிற இடங்களிலும் பரவிவிட்டது. ஊரடங்குச் சட்டம் வந்தது. சில மணி நேரம் தளர்த்தியபோது ஜனங்கள் அரிசிக்கும் மீனுக்கும் ஓடினார்கள். பிறகு மறுபடி கதவை அடைத்துக்கொண்டார்கள். 23 பேர் மாண்டார்கள். 454 பேர் காயமுற்றார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி இரண்டாம் முறை மூண்டது. அதில் 13 பேர் மாண்டு, 106 பேர் காயப்பட்டார்கள். ரஹ்மத்துன் லில் ஆலமீனாக வந்த நபிகளின் பிறந்த நாளில் தொடங்கிய ஊர்வலம், அந்த ஆண்டு 36 ஜனாஸாக்களோடும் பிணங்களோடும் முடிந்தது என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

சீனர் நடுவே இருந்த மலாய்க் குடும்பங்களும், மலாய்க் கம்பங்களில் இருந்த சீனக் குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு வேறு இடம் தேடின. கலகத்துக்கு யார் காரணம் என்று கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின.

அதிகாரமற்ற தலைவர் செய்தது என்ன?

இந்த நேரத்தில் யூசுப் அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் நாட்டுத் தலைவர். ஆனால் போலீசும் இராணுவமும் மலேசிய மத்திய சர்க்காரின் கையில். ஆணையிட்டுக் கலகத்தை அடக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பிறப்பால் மலாய்க்காரர், பதவியால் எல்லோருக்கும் பொதுவானவர். தம் இனத்தாரின் கோபத்துக்கு ஒரு வார்த்தை ஆதரவாகச் சொன்னால் அவர்களிடம் கைதட்டல் கிடைத்திருக்கும். தம் இனத்தாரைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னால் மறு பக்கத்தில் கைதட்டல் கிடைத்திருக்கும். இரண்டையும் அவர் விரும்பவில்லை.

அவர் குடும்பமே அன்றைய பிளவின் சிறு உருவமாக இருந்தது. தம்பி அப்துல் அஸீஸ் அவர்கள் மலாயாவில் விவசாய மந்திரியாக இருந்து, அம்னோவோடு முரண்பட்டு வெளியேறி, 1965-இல் காவலில் வைக்கப்பட்டார். இன்னொரு தம்பி அப்துல் ரஹீம் அவர்கள் சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர், மூன்று நிலையில்.

கலகத்துக்குப் பின் வட்டாரங்கள்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லா இனத்துப் பெரியவர்களும் அவற்றில் சேர்ந்து, வீடு வீடாகப் போய் அச்சத்தைப் போக்கினார்கள். யூசுப் அவர்களும் இஸ்தானாவுக்குள் இருந்துவிடாமல் தொகுதி தொகுதியாகச் சென்று எல்லா இனத்தாரையும் சந்தித்தார். ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய தலைவர் என்று எவரும் எண்ணாதபடி நடந்துகொண்டார். பார்ப்பதற்கு இது சிறிய காரியம். ஆனால் அண்டை வீட்டுக்காரனைக் கண்டு கதவடைத்த நாட்களில், எல்லா வீட்டு வாசலிலும் நிற்கக்கூடிய ஒரு மனிதர் நாட்டுக்கு இருந்தார் என்பது சிறிய காரியமன்று.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதும்போது தம் பெயரோடு சேர்ந்த அல்லாஹ்வின் தூதர் என்ற பட்டத்தையே அழிக்க நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதித்தார்கள். உடன் இருந்த தோழர்களுக்கே அது தாங்க முடியாததாக இருந்தது. ஹிஜ்ரி 41-இல் இமாம் ஹஸன் (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் இரத்தம் சிந்தாதிருக்கக் கிலாபத்தையே விட்டுக்கொடுத்தார்கள். சமாதானம் செய்பவன் எதிரியின் கோபத்தைவிடத் தன்னவரின் கோபத்தைத்தான் அதிகம் தாங்க வேண்டியிருக்கிறது.

நாடு பிரிந்தது

1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. யாங் டி பெர்துவான் நெகாராவாக இருந்தவர் குடியரசின் முதல் ஜனாதிபதியானார். அதுவரை மலேசியாவில் பெரும்பான்மைச் சமூகத்தின் ஒரு பகுதியாக இருந்த மலாய்க்காரர், ஒரே நாளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போன்ற சிறுபான்மையானார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஜொகூரில், தம்பி சிங்கப்பூரில் என்று எல்லைக் கோடு நடுவே விழுந்தது. அந்நாளில் அவர்களுக்கு இருந்த அச்சம் கொஞ்சமன்று. மலாய்க்காரரில் பிறந்த ஒருவர் குடியரசின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்தது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பதவியில் முகம் காட்டுவதோடு காரியம் நிற்கவில்லை. அவர் ஜனாதிபதியாக இருந்த வருஷங்களில்தான் சிறுபான்மையோர் உரிமையை ஆராயப் பிரதம நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஒரு குழு அமைந்து 1966-இல் அறிக்கை தந்தது. முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் 1966-இல் நிறைவேறி, 1968-இல் நடப்புக்கு வந்தது. முயிஸ் என்று நாம் அழைக்கும் இஸ்லாமிய சமய மன்றம் அதன்படி அமைந்ததே. ஜகாத்து, வக்பு, ஹஜ்ஜு ஆகிய காரியங்களுக்கு மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம், அரபு வம்சத்தார் எல்லோரும் இன்று ஒரே மன்றத்தின் படியேறுகிறோம். பங்குப் பத்திரத்தில் வம்சம் பார்த்த காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்.

1969 மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் பெருங்கலகம் மூண்டது. அதன் பொறி இங்கும் வந்து விழுந்தது. மே மாத இறுதியில் தொடங்கி ஒரு வாரம் நடந்த சச்சரவில் 4 பேர் மாண்டார்கள். 80 பேர் காயமுற்றார்கள். நான்கு உயிரும் உயிரே. ஆயினும் 1964-இன் பாடத்தைச் சர்க்காரும் ஜனங்களும் மறக்காததால் தீ மேலும் பரவவில்லை.

இறுதி நாட்கள்

கடைசி வருஷங்களில் இருதய நோய் அவரை வாட்டியது. அவர் ஓய்வில் இருந்தபோது நூர் ஆயிஷா அம்மையார் அவருடைய கடமைகள் சிலவற்றைத் தாமே ஏற்றுச் செய்தார்கள். பதவியில் இருந்தபடியே 1970-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி தமது அறுபதாவது வயதில் யூசுப் அவர்கள் தாருல் பனாவை விட்டுத் தாருல் பகாவை அடைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கிராஞ்சியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அம்மையார் அவர்கள் நெடுங்காலம் வாழ்ந்து 2025-இல் மறைந்தார்கள். உட்லண்ட்ஸில் 2017-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு உள்ள பாடம்

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இந்நாட்டில் விசேஷமான இடத்தில் இருக்கிறோம். பள்ளிவாசலில் மலாய்ச் சகோதரரோடு ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். தேக்காவில் தமிழ் இந்துவோடு ஒரே மொழி பேசுகிறோம். சரக்கு வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் சீனரோடு. எந்த இரண்டு பேருக்குள் சண்டை வந்தாலும் அதில் ஒருவர் நமக்கு உறவாகவே இருப்பார். இதைத் தொல்லை என்று எண்ணினால் தொல்லை. அமானிதம் என்று எண்ணினால் அமானிதம். நடுவில் நிற்பவனால்தான் இரண்டு பக்கமும் கை நீட்ட முடியும்.

இன்னொன்று. வதந்தி என்னும் சரக்கு வேறெங்கும்விட அதிகமாகக் கடை வாசலில்தான் கைமாறுகிறது. வருகிறவன் ஒன்று சொல்வான், போகிறவன் இரண்டாக்கிச் சொல்வான். 1950-இல் படத்தையும் பத்திரிகையையும் ஏந்தி வந்த பித்னா, இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வந்து விடுகிறது. தராசில் கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நாம், நாவில் வரும் செய்தி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா? தெரியாததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. சொல்லிவிட்டால் வரும் நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதித் தீர்க்க முடியாது.

1997 முதல் நம் பள்ளிக்கூடங்களில் ஜூலை 21-ஆம் தேதி இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. பிள்ளைகள் ஒருவர் உடையை ஒருவர் உடுத்தி மகிழ்ந்து வருகிறார்கள். அந்தத் தேதி ஏன் வந்தது, அன்று எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது, அந்நாளில் தம்மவரின் ஆவேசத்துக்கும் பிறரின் சந்தேகத்துக்கும் நடுவே ஒரு முஸ்லிம் தலைவர் எப்படி நிதானமாக நின்றார் என்பதை வீட்டில் பெரியவர்கள் எடுத்துச் சொல்லுவது நம் கடமை.

அல்லாஹுத் தஆலா மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கபுரை விசாலமாக்கி, சுவன பதவியை அருள்வானாக. கலகத்தில் மாண்ட அனைவரின் குடும்பத்தாருக்கும் ஆறுதல் அளிப்பானாக. இந்நாட்டில் எல்லா இனத்தாரும் அச்சமின்றிக் கடை திறந்து, அச்சமின்றிக் கடை அடைக்கும் நிம்மதியை என்றும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.